அழகாக வாசித்த பிள்ளைக்கு ஏன் விளங்கவில்லை: தரம் 4 வகுப்பொன்றில் ஒரு வாசிப்புக் கணிப்பீடு

இந்தப் பதிவில் பிள்ளைகளின் பெயரோ பாடசாலையின் பெயரோ இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகள் சொன்ன பதில்களையும் அவர்கள் பெற்ற புள்ளிகளையும் என் குறிப்புக் கொப்பியில் இருந்தபடியே தருகிறேன்.

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 2024இல் தரம் 4க்கு நான் வகுப்பாசிரியை. வகுப்பில் 27 பிள்ளைகள். இவர்கள் 2021இல் தரம் 1க்கு வந்தவர்கள். கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் இடையிடையே திறந்தும் மூடியும் கிடந்து, 2021 ஒக்டோபருக்குப் பிறகுதான் ஆரம்ப வகுப்புகளுக்கு ஓரளவு ஒழுங்காக நடக்கத் தொடங்கின. எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைக்க வேண்டுமானால் மேட்டுக்கு ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தைப் பார்க்க ஒரு வீட்டில் ஒரு போன்தான் இருக்கும்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். எழுத்துப் பழக வேண்டிய வருடத்தை இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் கழித்தார்கள்.

முதலாம் தவணைத் தமிழ்ப் பரீட்சையில் 40க்குக் குறைவாக எடுத்தவர்கள் 6 பேர். அவர்களில் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும்தான் இங்கே முக்கியம். சிறுவனுக்கு 31, சிறுமிக்கு 34. புள்ளி அருகருகே இருந்ததால் இருவரையும் ஒரே பரிகாரக் கற்பித்தல் குழுவில் போட்டேன். பிற்பகலில் அரை மணித்தியாலம், உயிர்மெய் அட்டவணை, சொல்வதெழுதல். அந்தக் குழுவில் யாரையும் தனியாகக் கேட்டுப் பார்க்கவில்லை. புள்ளியே போதும் என்று நினைத்தேன்.

ஆறு வாரத்தில் கண்டது

சிறுவன் கொஞ்சம் முன்னேறினான். சிறுமியிடம் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? அட்டவணையில் எந்த எழுத்தைத் தொட்டாலும் அவள் சொன்னாள். காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை வாசிக்க அவளைத்தான் மற்ற ஆசிரியர்கள் கூப்பிடுவார்கள். குரலில் தடுமாற்றம் இல்லை, ழகரம் கூடத் தெளிவாக வரும். அப்படிப்பட்ட பிள்ளை கிரகித்தல் பகுதியில், அதாவது பத்தியை வாசித்து விளங்கிப் பதில் எழுதும் பகுதியில், 20க்கு 4 எடுக்கிறாள். அந்த நேரத்தில் அவளுடைய கோவையில் (பதிவுக் கோப்பில்) நான் எழுதிய வசனம் இது: “கவனம் போதாது. வீட்டில் கவனிப்பும் இல்லை.”

தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறார். பிள்ளை அம்மாயியோடு, அதாவது தாயின் தாயோடு, லயக் காம்பராவில் இருக்கிறாள். இவ்வளவு தெரிந்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். ஒருநாள் கூட அந்த வீட்டுப் படியேறாமல் அந்த வசனத்தை எழுதினேன் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

ஒருநாள் பிற்பகல் அவளைப் பக்கத்தில் இருத்தி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். நானே எழுதிய பத்தி: “மழை ஓய்ந்தது. சேற்றுப் பாதையில் நடந்துவந்த மாறன் செருப்பைக் கழற்றாமலே வீட்டினுள் நுழைந்தான். தரையைப் பார்த்த தாய் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.” ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். தாய் ஏன் துடைப்பத்தை எடுத்தார் என்று கேட்டேன். “மழை ஓய்ந்தது” என்றாள். பத்தியின் முதல் வசனத்தை அப்படியே எடுத்துத் தந்தாள். அவளுடைய பரீட்சைத் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் இதே வேலையைத்தான் செய்திருந்தாள்: கேள்வியில் உள்ள ஒரு சொல் பத்தியில் எங்கே இருக்கிறதோ அந்த வசனத்தையோ அதற்கு முன்னால் வரும் ஒரு வசனத்தையோ பார்த்தெழுதியிருந்தாள்.

“துடைப்பம்னா என்ன?” என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். “வெளக்கமாறு” என்றேன். உடனே, “ஆ… கூட்டத்தான் டீச்சர், வீடெல்லாம் சேறு ஆயிருச்சே” என்றாள்.

அன்று மாலையே பரிகாரக் குழுவைக் கலைத்துவிட்டேன்.

கணிப்பீட்டை எப்படி அமைத்தேன்

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய கருத்து ஒன்று இருக்கிறது. வாசித்து விளங்கும் திறன் என்பது எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் மொழியைக் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. பயிற்சிக் காலத்தில் படித்ததை அதுவரை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை. ஒரே 30 புள்ளிக்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதும், கிரகித்தல் தாள் ஒன்றைக் கொடுத்து அவற்றைப் பிரிக்க முடியாது என்பதும் இதிலிருந்து எனக்கு விளங்கின.

தரப்படுத்திய சோதனை எதுவும் என் கையில் இல்லை. ஆகவே நானே நான்கு பகுதி தயாரித்தேன். முதலாவது சொல் வாசிப்பு: பாடநூலில் வரும் 40 சொற்கள், அவற்றோடு “தமுலி”, “கொபேறு” போன்று அர்த்தமே இல்லாத 20 சொற்கள். இந்தப் பொய்ச் சொற்கள் முக்கியம். பார்த்துப் பழகிய சொல்லை முழு வடிவமாக மனதில் வைத்துச் சொல்கிறதா, எழுத்தைக் கூட்டி வாசிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது, ஒரு நிமிட வாய்விட்டு வாசிப்பு. பிழைகளை என் தாளில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது, தானே வாசித்துக் கதையைத் திருப்பிச் சொல்வதும் 10 கேள்விகளும். நான்காவது, அதே அளவு கடினமான வேறு பத்தியை நான் வாசிக்க, பிள்ளை கேட்டுப் பதில் சொல்வது.

இந்த நான்காவதைப் பிறகு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பத்தியைப் புத்தகத் தமிழில் வாசிப்பது. இன்னொன்றை நாங்கள் பேசும் தமிழில் சொல்வது. துடைப்பமும் வெளக்கமாறும்தான் அந்த யோசனையைத் தந்தன.

இரண்டு இடத்தில் பிசகியது. முதலில் நான் எழுதிய கேள்விகளை, பத்தியைக் காட்டாமலே தரம் 5 பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். 10க்கு 4 சரி. “குயில் எப்படிப் பாடியது?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இனிமையாக என்றுதானே சொல்லும்? அப்படிப்பட்ட கேள்விகளைத் தூக்கிவிட்டு, பத்தியைப் படித்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடியவற்றை வைத்தேன். அடுத்தது, கேட்டு விளங்கும் பகுதியை முதன்முதலில் செய்த நாளில் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் கேட்காது. சிறுவன் 3 எடுத்தான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு நாளில் வேறு பத்தியோடு நூலக அறையில் திரும்பச் செய்தேன்.

என்ன தெரிந்தது

சிறுவன் 40 சொல்லில் 17 வாசித்தான், பொய்ச் சொல்லில் 20க்கு 5. நிமிடத்துக்கு 18 சொல். வாசித்துப் பதில் சொன்னதில் 10க்கு 2. ஆனால் நான் வாசிக்கக் கேட்டபோது புத்தகத் தமிழில் 7, பேச்சுத் தமிழில் 8. கதையைத் திருப்பிச் சொல்லும்போது பாத்திரங்களுக்குக் குரல் மாற்றிச் சொன்னான்.

அவனுடைய பிழைகள் சிதறிக் கிடக்கவில்லை. அகர, ஆகார உயிர்மெய் எல்லாம் சரி. சறுக்கியது இரண்டு இடத்தில். ஒன்று ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் எழுத்துகள். கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இவன் கொம்பைக் கண்டதும் தயங்குவான். “மொ”வை “மெ” என்று சொல்லிவிட்டுத் துணைக்காலைத் தனியே “ர” என்று வாசிப்பான். மற்றது உகர, ஊகார வரிசை. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி வளையும். ஒன்றைப் பழகி மற்றதை ஊகிக்க முடியாது. தமிழில் 216 உயிர்மெய் உண்டு என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். இவனுக்குத் தகராறு அதில் சிறு பங்குதான்.

சிறுமி 40க்கு 38, பொய்ச் சொல் 20க்கு 17, நிமிடத்துக்கு 61 சொல். வாசித்துப் பதில் சொன்னதில் 3. நான் புத்தகத் தமிழில் வாசிக்க, கேட்டுப் பதில் சொன்னதிலும் 3. எழுத்து அவளுக்குத் தடையே இல்லை என்பது இதில் உறுதி. பேச்சுத் தமிழில் சொன்னபோது 7.

எங்கே அறுகிறது என்று பார்க்க வசனம் வசனமாக எடுத்துக் கேட்டேன். “வயிறு வலித்தது. எனினும் அவள் பாடசாலைக்குச் சென்றாள்.” அவள் சொன்ன விளக்கம்: “வயிறு இன்னும் வலிக்குது, ஸ்கூலுக்குப் போயிட்டா.” “எனினும்” அவளுக்கு “இன்னும்” ஆகிவிட்டது. “நேரமாகியும் அண்ணன் வாராதிருந்ததால் தங்கை வாசலிலேயே அமர்ந்திருந்தாள்” என்ற வசனத்துக்கு, “அண்ணன் வந்துட்டான், தங்கச்சி வாசல்ல உக்காந்திருக்கா” என்றாள். எங்கள் பேச்சில் “இல்லை” என்ற மறுப்பு வசனத்தின் கடைசியில் வரும், காதில் விழும்: “வரல”. “வாராதிருந்ததால்” என்பதில் அந்த “இல்லை” சொல்லின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. வந்தான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

மற்றப் பிள்ளைகளும் இதே பேச்சைத்தானே பேசுகிறார்கள், இவளுக்கு மட்டும் ஏன்? அதிபர் கேட்டார், நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. பாடசாலை மூடியிருந்த காலத்தில் பெரியப்பா மகன் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அட்டவணை, சொல் பட்டியல், பிழைவிட்டால் குட்டு. எழுத்துப் பிடிபட்டது. யாரும் அவளுக்கு ஒரு புத்தகத்தை எடுத்துக் கதை வாசித்ததில்லை.

அம்மாயி வீட்டில்

காது கேட்கிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது. தரம் 4க்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனை அந்த மாதம் வந்ததால் இருவரையும் காட்டினேன். பார்வை சரி. சிறுமியை ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பிப் பார்த்ததில் காதும் சரி.

அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனேன். கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அம்மாயி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, புள்ள ஏதும் தப்பு பண்ணிருச்சா?” என்பதுதான் முதல் வார்த்தை. இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். ராத்திரியில் பிள்ளை என்ன செய்கிறாள் என்றதற்கு, “கத கேக்கும். கேக்காம தூங்காது” என்றார். அவருடைய தகப்பனார் காமன் கூத்திலும் பொன்னர் சங்கர் கூத்திலும் ஆடியவராம். கதை முழுவதும் அம்மாயிக்கு வாயில் இருக்கிறது.

பிள்ளையைப் பொன்னர் சங்கர் கதை சொல்லச் சொன்னேன். கால் மணி நேரம் சொன்னாள். தங்காள் அந்த அண்ணன்மாரின் தங்கை. இடையில் நிறுத்தி, “அண்ணன்மாரு திரும்பி வரமாட்டாங்கன்னு தங்காளுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“கனவு கண்டுச்சில்ல டீச்சர். அதோட அவங்க வாசலத் தாண்டுறப்பவே அதுக்கு மனசு சரியில்ல.”

“அப்படின்னு அம்மாயி சொன்னாங்களா?”

“அம்மாயி சொல்லல. ஆனா அப்படித்தான் இருக்கும்.”

சொல்லாததைச் சொன்னதிலிருந்து ஊகித்து எடுப்பது. பரீட்சையில் இவளால் முடியாது என்று நான் குறித்து வைத்திருந்த அதே திறன். கோவையில் எழுதிய வசனத்தை அன்றிரவே வெட்டினேன்.

எடுத்த தீர்மானங்கள்

அதிபரும் நானும் பேசினோம். விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, காலம் போதாது என்ற கவலை அவருக்கு. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனாலும் இருவருக்கும் சரியான பயிற்சி இன்னும் ஒருநாள் கூடக் கிடைக்கவில்லை. பிழையான பயிற்சியில் முன்னேறாததை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் சூட்டக் கூடாது என்றேன். 10 வாரம் தந்தார். அதற்குள் அசைவு இல்லையென்றால் அனுப்புவது என்று ஒத்துக்கொண்டேன்.

சிறுவனுக்கு நாளுக்கு 20 நிமிடம் எழுத்து வேலை. முழு அட்டவணையைத் தொடவில்லை. கொம்பு வரிசையும் உகர வரிசையும் மட்டும், சொல்லுக்குள் வைத்து. கிரகித்தல் பாடத்தில் அவனுக்கு நானோ பக்கத்துப் பிள்ளையோ வாசித்துக் காட்டினோம். எழுத்து வரவில்லை என்பதற்காகக் கதையிலிருந்து அவனைத் தள்ளி வைக்கவில்லை.

சிறுமிக்கு எழுத்துப் பயிற்சி முழுதாக நிறுத்தம். மூன்று காரியம் செய்தோம். தினமும் ஒரு சிறு கதையைப் புத்தகத் தமிழில் நான் வாசிப்பேன். “நம்ம பேச்சுல சொல்லு” என்பேன். எனினும், ஆகவே, ஏனெனில், இல்லாவிடில் போன்ற இணைப்புச் சொற்களை வாரத்துக்கு இரண்டாக எடுத்து, அவளுடைய வாழ்க்கையிலிருந்தே வசனம் போட வைத்தேன். மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது: அம்மாயி சொன்ன கதையை அவள் சொல்ல, நான் சொன்னபடியே எழுதுவேன், பிறகு இருவரும் சேர்ந்து அதைப் புத்தக மொழிக்கு மாற்றுவோம். கொப்பியில் இரண்டு பக்கம். இடப்பக்கம் “வெரசா”, வலப்பக்கம் “விரைவாக”. இடப்பக்கம் “வரல”, வலப்பக்கம் “வரவில்லை”, அதற்குக் கீழே “வாராதிருந்தான்”. இடப்பக்கத்தைப் பிழை என்று ஒருபோதும் சொல்லவில்லை, சிவப்பு மை போடவுமில்லை.

என்ன நடந்தது

10 வாரம் கழித்துப் புதிய பத்திகளோடு மறுபடி கேட்டேன். சிறுவன் நிமிடத்துக்கு 36 சொல். வாசித்துப் பதில் சொன்னதில் 2லிருந்து 6. எழுத்துத் திறக்கத் திறக்க உள்ளே இருந்த விளக்கம் தானாக வெளியே வந்தது.

சிறுமியின் பாதை அவ்வளவு நேரானதாக இல்லை. ஐந்தாம் வாரத்தில் அவள் வாசிப்பு மெதுவானது. வசனத்தின் நடுவில் நிற்பாள், திரும்பப் போவாள், “இது யாரு டீச்சர், அண்ணனா தம்பியா?” என்பாள். காலைக் கூட்டத்தில் தடுமாறினாள். சக ஆசிரியை ஒருவர், “இருந்ததையும் கெடுத்துட்டீங்களே” என்றார், வருத்தத்தோடுதான். விளங்கவில்லை என்பது அவளுக்கே விளங்கத் தொடங்கியதன் அடையாளமாக நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் அந்த இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

முடிவில் நிமிடத்துக்கு 54 சொல், முன்பைவிடக் குறைவு. வாசித்துப் பதில் சொன்னதில் 3லிருந்து 6. புத்தகத் தமிழைக் கேட்டுச் சொன்னதில் 3லிருந்து 7. நேரடியாகப் பத்தியில் இருப்பதைக் கேட்டால் பெரும்பாலும் சரி. ஊகிக்க வேண்டிய 4 கேள்வியில் 2தான். எழுத்தில் பதில் தரச் சொன்னால் இன்னும் ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறாள். வாயால் கேட்டால் மூன்று வசனம் சொல்கிறாள். மூன்றாம் தவணையில் தமிழுக்கு 47. அதிபர் விசேட கல்விப் பிரிவு பற்றிப் பிறகு பேசவில்லை.

இனி மாற்றிக்கொள்வது

அடுத்த வகுப்பில் முதலாம் தவணையின் மூன்றாம் வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு விடயம் மட்டும் பார்ப்பேன்: ஒரு நிமிட வாசிப்பு, கேட்டுப் பதில் சொல்லும் ஒரு பத்தி. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. இரண்டும் ஒத்துப்போகாத பிள்ளைக்கு மட்டும் முழுக் கணிப்பீடு. 2024இல் அதைச் செய்திருந்தால் சிறுமி ஆறு வாரம் அட்டவணை முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அந்தக் குழுவில் மற்ற நால்வரையும் பிறகுதான் கேட்டுப் பார்த்தேன். மூவர் சிறுவனைப் போல. ஒருவருக்கு இரண்டு பக்கமும் சிரமம்; அவரை அனுப்பியிருக்கிறேன், காத்திருக்கிறோம். நன்றாக வாசிக்கிறார்கள் என்று நான் கவலைப்படாமல் விட்ட மற்றப் பிள்ளைகளில் சிறுமியைப் போல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை அந்த வருடத்துக்குள் பார்த்து முடிக்க முடியவில்லை.

பேச்சுத் தமிழ்ப் பத்தியை நான் சொன்ன விதத்திலும் குறை இருந்தது. சொல்லும்போது கையும் முகமும் சேர்ந்து பேசின. புத்தகப் பத்தியைத் தாளைப் பார்த்தபடி வாசித்தேன். அந்த 7க்கும் 3க்கும் உள்ள இடைவெளியில் என் முகத்துக்கும் பங்கு இருக்கலாம். இனி இரண்டையும் போனில் பதிவுசெய்து, போட்டுக் கேட்க வைப்பேன்.

வீட்டைப் பற்றி எதையும் வீட்டைப் பார்க்காமல் கோவையில் எழுதுவதில்லை.

இருவரின் கோவையையும் தரம் 5 வகுப்பாசிரியையிடம் கொடுத்து, இடைவெளிவிட்டு மறுபடி கேட்டுப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். சிறுமிக்கு மூன்று பத்தி எழுதி வைத்திருக்கிறேன். நான்காவதுக்கு ஒரு பழங்கதையை எடுத்து எழுதினேன். கொடுக்க முன் அம்மாயியிடம் கேட்டபோது, அது பிள்ளைக்குத் தெரிந்த கதை என்றார். அவர் இன்னும் சொல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.